சச்சாவின் படத்தில் நான் போட்ட வீடு

நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். டிராயிங் பீரியடில் எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் எல்லோரும் ஒரே படத்தைத்தான் போட்டோம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை மரம், முன்னால் ஆறு. தர்மபுரி ஜில்லாவில் பாதி ஊருக்கு ஆறே கிடையாது, ஆனாலும் போட்டோம். எனக்கு அதைத் தவிர வேறு படம் தெரியாது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் கற்றுக்கொள்ளவும் இல்லை.

அந்தப் படத்தால் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு பக்கம், எழுதாமலே நான் போய்விட்டால் யாருக்கும் தெரியாதே என்று ஒரு பக்கம். கேட்டு வருத்தப்படக் கூடியவர்கள் இப்போது யாரும் இல்லை, கடைசியாக இருந்த சச்சாவும் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாப்பாரப்பட்டியில் மெத்தைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் பஞ்சு அறை. பங்குனி சித்திரையில் இலவங்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பஞ்சு அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கும். உள்ளே குறுக்குக் கட்டை வைத்த கழியால் கடைந்தால் விதை கீழே போகும், பஞ்சு மேலே வரும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு போனாலும் இமையில் பஞ்சு, தலையில் பஞ்சு, சோற்றில் பஞ்சு. அம்மாவுக்கு அந்தத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்துவிட்டது. நான் ஏழாவது படித்த வருடம் ரொம்பவே முடியாமல் போக, வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்று முழுப் பரீட்சையோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பெரிய வருத்தம் என்று சொல்ல மாட்டேன். அம்மா படுத்திருக்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அது வசதியாக இருந்தது.

கடை அத்தாவுடையது. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவின் தம்பிதான் சச்சா. அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. மூன்று வருடம் பெங்களூரில் மெத்தை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே ஒரு இடத்தில் நாற்காலிகளுக்குக் குஷன் தைக்கப் போனவர், சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தாராம். ஆள் இல்லை, மாடு இல்லை, மரம் இல்லை, வெறும் நிறம். "ரெண்டு நாள் வேலைய நாலு நாளு இழுத்தேன்" என்பார். ஊருக்கு வந்ததிலிருந்து அவரும் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தார்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். மெத்தைக்கு உள்ளே போடுகிற காடாத் துணியில் மிஞ்சின துண்டுகளை எடுத்துக்கொள்வார். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவி, மேலே சாக்பீஸ் மாவைத் தூவித் தேய்த்துக் காயவைப்பார். காய்ந்தால் துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். நிறத்துக்குக் கடையில் வாங்கின டிஸ்டெம்பர் பொடி கொஞ்சம். மீதியெல்லாம் காவி மண், அடுப்புச் சாம்பல், விளக்குக் கரி. வஜ்ஜிரப் பசை கரைத்த தண்ணீரில் குழைப்பார். பிரஷ் கிடையாது. இலவம் பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டி அதால் ஒற்றுவார். பருத்திப் பஞ்சு நிறத்தையெல்லாம் குடித்துவிடுமாம். இலவம் பஞ்சுக்குத் தண்ணீர் ஒட்டாது, அதனால் எடுத்ததை அப்படியே துணியில் விட்டுவிடுமாம்.

துணியைத் தரையில் விரித்துவிட்டுச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒரு நாள் பூராவும் நடந்துவிட்டு ஒரு பொட்டு நிறம் வைக்காமல் சுருட்டி வைத்த நாள் உண்டு. வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஈரத் துணியால் பாதியைத் துடைத்துவிடுவார். துடைத்த இடத்தில் ஒரு சாயல் தங்கும். அதன் மேல் இன்னொரு நிறம், அதையும் துடைப்பார். வைக்கிறது கம்மி, எடுக்கிறது ஜாஸ்தி. இவ்வளவும் வீணாகப் போகிறதே என்று துடைத்த துணியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை மாரண்டஹள்ளியில் ஒரு வீட்டுக்கு மெத்தை கொடுக்கப் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். வந்ததும் துணியை விரித்தார். மங்கலான சிவப்பு, அதன் ஓரத்தில் கறுப்பு மாதிரி ஒன்று.

"என்னா சச்சா இது?"

"தக்காளிக் கூடை."

"கூடை எங்க?"

"கூடைய தூக்கிட்டுப் போய்ட்டாங்க. அதுக்கு அடியில ஒரு ஈரம் இருந்துது. ஓரத்துல இருந்து காஞ்சுக்கிட்டே வந்துது. பஸ்ஸு வர்ற வரைக்கும் பாத்தேன்."

"அப்புறம் பஸ்ஸு?"

"அது வந்துட்டுப் போயிடுச்சு."

எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் தினமும் டீ குடிக்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்ப்பார். "ஏம்ப்பா, பூனை வந்துட்டுப் போன மாதிரி இருக்குதே" என்பார். "இதுல மேலு எது, கீழு எது?"

"நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்களோ அதுதாங்கண்ணே கீழு" என்பார் சச்சா.

"உங்க மார்க்கத்துல உருவம் போடக் கூடாதுன்னுதானே இப்படிக் கலச்சி வுட்டுடுற?"

"அதெல்லாம் இல்லீங்கண்ணே." சச்சா ஒரு சாக்பீஸை எடுத்துப் பஞ்சு அறைக் கதவில் நாலு கோடு இழுத்தார். சைக்கிள் கடைக்காரர் அப்படியே அதில் இருந்தார், மீசையும் காதில் சொருகின பீடியும் உட்பட. அவர் வாயைப் பிளந்து பார்த்து முடிப்பதற்குள் சச்சா கையால் அழித்துவிட்டார். "இது வருமுங்க. வர்றத எதுக்குப் பண்ணிக்கிட்டு?"

எனக்கு இது புரியவில்லை. வருகிறது என்றால் அதைத்தானே செய்ய வேண்டும்? செய்தால் எல்லோரும் நல்லபடியாகப் பேசுவார்களே.

அந்தச் சித்திரையில் இலவங்காய் பேச வத்தல்மலைக்குப் போனோம். அப்போது மேலே பஸ் கிடையாது, அடிவாரத்திலிருந்து நடைதான். அத்தா முன்னால், சச்சா பின்னால், சோற்றுத் தூக்குடன் நான் நடுவில். பாதி மலையில் ஒரு சரிவு முழுக்கத் தீப்பிடித்து அணைந்து கிடந்தது. சாம்பல், சாம்பலுக்கு நடுவே செம்மண் திட்டு, வேர் எரிந்து போன இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. சச்சா அங்கேயே நின்றுவிட்டார். அத்தா மேலே போய் விலை பேசி, மூட்டைக்குச் சொல்லி, திரும்பி இறங்கி வருகிற வரை அதே இடம். நானும் தூக்கை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். திரும்பத் தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் பார்த்துவைத்துக்கொண்டேன்.

"என்னாடா இங்க புதையலா இருக்குது?" என்றார் அத்தா.

"இன்னும் சுடுதுண்ணே. அந்த வெள்ள எடத்துல கை வச்சுப் பாருங்க."

அத்தா கையை வைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த மலைதான் பெரிய படம். மிச்சத் துணி போதாமல் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தார். கட்டில் அகலம் இருக்கும். மலையிலிருந்தே ஒரு துணியில் சாம்பல் முடிந்து வந்திருந்தார். வீட்டுச் சாம்பல் வேறு நிறமாம். நான் எங்கேயாவது மலை தெரிகிறதா என்று பார்ப்பேன், தெரியாது. சாம்பல் நிறம், அதற்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் ஏதோ ஒன்று. "மலைய போட்டா மலைதான் தெரியும், சூடு தெரியாது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "சூடு வேணும்னா அடுப்பாண்ட வந்து உக்காருங்க" என்று சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர்க்காரர் வந்தார். ஒகேனக்கல் போகிற வழியில் அவர் கார் எங்கள் கடை முன்னால் பஞ்சர் ஆகிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் ஒட்டித் தருகிற வரை கடையில் வந்து உட்கார்ந்தார். கொடியில் காய்ந்த தக்காளிக் கூடைத் துணியைப் பார்த்தார். பெங்களூரில் படம் மாட்டி விற்கிற இடம் வைத்திருக்கிறாராம். பாதி கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசினார். பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வருவதாகவும், நாலைந்து தயாராக வைத்தால் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகவும், எடுத்தால் சச்சா பெங்களூரிலேயே வந்து இருந்து வரையலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தா அன்று சாப்பிடும்போது பேச்சை முடித்துவிட்டார். "அந்த ஆளு எடுத்தா நீ போ, நான் தடுக்க மாட்டேன். எடுக்கலேன்னா இதோட எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சுட்டுக் கடையில உக்காரு. அண்ணிக்கு ஒடம்பு முடியல. எனுக்கு ஒரு கை வேணும்."

"சரிண்ணே" என்றார் சச்சா. அவ்வளவுதான்.

அந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சச்சா பெரிய படத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். ஐந்து சின்னப் படம் தயாராகிவிட்டது, பெரியது மட்டும் ஆகவில்லை. கடைக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஏதாவது சொன்னார்கள். சாக்கடை என்றார் ஒருவர். மெத்தையில் குழந்தை போன மாதிரி என்றார் இன்னொருவர். பெங்களூர்க்காரரும் அப்படிச் சொல்லிவிட்டால்? சச்சா வாழ்க்கை முழுக்க மூக்கில் துணி கட்டிக்கொண்டு பஞ்சு கடைய வேண்டியதுதான். அவருக்கும் அம்மா மாதிரி இளைப்பு வரும். இப்படியே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். படத்தில் ஒன்றும் இல்லை என்றுதானே சொல்கிறார்கள்? ஒன்று இருந்துவிட்டால்?

அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் சச்சா பென்னாகரத்துக்கு மெத்தை எடுத்துப் போயிருந்தார். அத்தா கடையில் இருந்தார், அம்மா தூங்கினார். சச்சாவின் நிறக் கொட்டாங்கச்சிகளைத் தொட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். அத்தா மெத்தைத் துணியில் அளவுக் கோடு போட நீலம் கரைத்து ஒரு கிண்ணத்தில் பஞ்சு அறையில் வைத்திருப்பார், கூடவே ஒரு ஈர்க்குச்சி. அதை நாங்கள் யாரும் தொடக் கூடாது. அதைத் தொட்டேன்.

ஆடு போட ஆசைதான். ஆனால் எங்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர் உயிருள்ளதை வரையக் கூடாது என்று சொல்லியிருந்தார், அந்தப் பாவம் சச்சா தலையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை மரம். படத்தின் வலது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு. அவசரத்தில் வீடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். சச்சா சாயங்காலம் வந்து, இனிமேல் தொட்டால் கெட்டுவிடும் என்று சொல்லிப் படத்தைத் திரும்பிப் பார்க்காமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பெங்களூர்க்காரர் வந்தார். பஞ்சு அறையில் நானும் அம்மாவும் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தோம். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னப் படங்களுக்கு முன்னால் தலையாட்டினார், நிற்கவில்லை. பெரியதன் முன்னால் நின்றார்.

"ஆ! இது சென்னாகிதே." நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார், எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு அது தெரியும். "எல்லாம் எரிஞ்சு போச்சு, ஒரே ஒரு மனெ மட்டும் நிக்குது பாருங்கோ. இதுல கதை இருக்குது. இந்த மாதிரி பத்து பண்ணிக் குடுங்கோ. ஒவ்வொண்ணுலயும் எங்கயாச்சும் ஒரு வூடு."

அப்போதுதான் சச்சா கிட்டப் போய்ப் பார்த்தார். குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. அத்தாவை ஒரு தடவை பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யா அல்லாஹ், எடுத்துக்கொள்ளட்டும், எடுத்துக்கொள்ளட்டும் என்று.

"அந்த வூடு இல்லாம பாத்தா எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார் சச்சா.

"அது இல்லேன்னா இதுல என்னா இருக்குது? சும்மா கலரு."

சச்சா தலையை ஆட்டினார். "அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

வந்தவர் குடிப்பதற்கு என்று நினைத்து அம்மா விருந்தாளிக்கு எடுக்கிற எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார். சச்சா தோள் துண்டை அதில் நனைத்து, பிழிந்து, வீட்டைத் துடைத்தார்.

"ஏனு மாட்தாயிதீரா! என்னா பண்றீங்க!" பெங்களூர்க்காரர் துண்டைப் பிடிக்கப் போனார். அதற்குள் வீடு போய்விட்டது, மரம் போய்விட்டது, அடியில் இருந்த சாம்பலும் கொஞ்சம் போய் வெளுத்த திட்டு ஒன்று நின்றது.

"இது எனுதுங்க" என்றார் சச்சா. "இப்ப பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "ஹுச்சு" என்று மட்டும் சொன்னார். பைத்தியம் என்று அர்த்தம். கார் கிளம்பின சத்தம் கேட்டது. சைக்கிள் கடைக்காரர் எதிரிலிருந்து, "என்னாப்பா, இன்னிக்குப் பஞ்சர் இல்லியா?" என்று கத்தினார்.

அத்தா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு வுட வேண்டியதுதானேடா? ஒரு வூடு ஒனுக்கு என்னா பண்ணுச்சு?" அப்புறம், "யாருடா அத வச்சது?" என்றார்.

நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனேன்.

"எலி வச்சிருக்குமுண்ணே" என்றார் சச்சா, சிரிக்காமல்.

மறுநாளிலிருந்து அவர் கடையில் உட்கார்ந்தார். சொன்ன சொல்லுக்கு உட்கார்ந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கடை பாதி நாள் லீவு, அந்தப் பாதி நாளில் மட்டும் வரைவார். அதை அத்தா தடுக்கவில்லை. பெரிய படம் ஒரு மாதம் சுவரோரம் இருந்தது, அப்புறம் காணவில்லை. அத்தாதான் கோபத்தில் ஏதோ ஒரு மெத்தைக்கு உள் துணியாகப் போட்டுத் தைத்துவிட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். வருஷக்கணக்காக அதை மனதில் வைத்து அவரிடம் சரியாகக்கூடப் பேசவில்லை. அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

எனக்குக் கல்யாணமாகித் தர்மபுரிக்கு வந்தேன். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆனால் சச்சா கடையில் உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் என்னால்தானே என்று ஒரு குத்தல். அந்த வீடு இல்லாமல் இருந்திருந்தால் பெங்களூர்க்காரர் சின்னப் படங்களையாவது நின்று பார்த்திருப்பார். ஒன்றாவது எடுத்திருப்பார். இப்படி எத்தனையோ.

போன வருடம் சச்சாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். பார்க்கப் போயிருந்தேன். கட்டு அவிழ்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நீலம் அதிகமாகத் தெரிகிறது, இத்தனை நாள் போட்ட படமெல்லாம் பழுப்பு ஜாஸ்தியாகப் போயிருக்கும், திரும்பப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று ஆரம்பித்தேன்.

"சச்சா, அந்தப் பெரிய படம் இருந்துதே. அத்தா அத எந்த மெத்தையில போட்டுத் தெச்சாரு?"

"அண்ணன் எங்க தெச்சாரு? நான்தான் தெச்சேன். பாலக்கோட்டுக்காரங்க கல்யாண மெத்தை. நல்ல கெட்டித் துணி, சும்மா எதுக்கு வச்சிருக்கறது?"

அத்தாவை அத்தனை வருஷம் வீணாகக் கோபித்திருக்கிறேன். இருந்தாலும் நிறுத்தவில்லை. "அந்த வூட்ட நான்தான் சச்சா போட்டேன். அந்த ஆளு எடுத்துக்கணும்னுதான். உங்கள கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

சச்சா கண்ணாடியைக் கழற்றினார். "நீயா?"

"ஆமாங்க சச்சா."

"அண்ணன் இல்லியா?"

அத்தா எதற்கு இதில் வருகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அது அண்ணனோட கிண்ணத்து நீலம்" என்றார் மெதுவாக. "அத வேற யாரும் தொட மாட்டீங்களே. வரையத் தெரியாத பெரியவங்க போட்டாலும் வூடு அப்படித்தான் இருக்கும். யாரு வச்சதுன்னு வேற கேட்டாரா, நடிக்கத் தெரியாம நடிக்கறாருன்னு நெனச்சேன். வாயில அப்படித் திட்டினாரு, கடைக்கு ஆளு வேணும்னாரு, ஆனா நான் போவணும்னு யாருக்கும் தெரியாம ஒக்காந்து ஒரு வூட்ட போட்டு வச்சிருக்காரேன்னு."

வெளியே ஏதோ பஸ் போனது.

"அன்னிக்கு ராத்திரியே பெங்களூர் பஸ் ஏறிடலாம்னுதான் இருந்தேன். அந்த ஆளு இல்லேன்னா என்னா, அங்க மெத்தை வேலை இருந்துது, தங்க எடம் இருந்துது. பை கூடக் கட்டிட்டேன். அப்புறம் இந்த மனுசன வுட்டுட்டு எங்க போறதுன்னு பிரிச்சு வச்சுட்டேன்."

சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு; அத்தா போட்டது என்று நம்பித்தான் சச்சா போகாமல் இருந்திருக்கிறார். அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, துணியை விரித்து வைத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் நடப்பாரே, அந்த மாதிரி இருந்தார். உட்கார்ந்துதான் இருந்தார், ஆனால் அந்த மாதிரி.

"தென்ன மரம் வூட்ட வுடச் சின்னதா இருந்துது" என்றார் கடைசியில்.

"எனுக்கு எடம் பத்தல சச்சா."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. அண்ணன் போட்டாருன்னே இருக்கட்டும்."

சரி சச்சா என்றேன்.